குடையை மட்டும் படம் பிடித்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் மழைக்காலக் காளான்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதிலிருந்த காளான் குழம்புச் செய்முறையை என் மருமகள் கத்தரித்து வைத்துக்கொண்டாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சங்கடமெல்லாம் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டிருந்த படத்தைப் பற்றியது. புல்தரையில் நிற்கும் வெள்ளைக் குடை. நடுவில் பழுப்புத் திட்டு, அதைச் சுற்றிச் சிதறினாற்போல் பழுப்புச் செதில்கள். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்த படம். அடியில் 'உண்ணத் தகுந்த புற்றுக் காளான்' என்று அச்சிட்டிருந்தீர்கள்.

அது புற்றுக் காளான் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு என்ன என்று அந்தப் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்லவும் என்னால் முடியாது. குடையின் அடிப்புறம் தெரியவில்லை, கழுத்து தெரியவில்லை, அடிக்காம்பு புல்லுக்குள் மறைந்துவிட்டது. காளானை அடையாளம் காண எது எது வேண்டுமோ அதையெல்லாம் விட்டுவிட்டு, எதற்கும் உதவாத உச்சந்தலையை மட்டும் படம் பிடித்திருக்கிறார்கள்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவள். மேல்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். இப்போது மருமகளோடு சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு சிப்பிக் காளான் குடில் வைத்திருக்கிறேன். ஊரில் 'காளான் டீச்சர்' என்று பெயராகிவிட்டது. ஒரு மழை பெய்தால் போதும், பழைய மாணவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவியும். 'டீச்சர், இதைத் தின்னலாமா?' அத்தனை படமும் மேலிருந்து எடுத்ததுதான். பிடுங்கித் திருப்பிக் காட்டு சாமி என்று நானும் பதில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டேன். இப்போது நாளிதழிலேயே அப்படி ஒரு படம் வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. 1993ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அப்போது நான் வேலை பார்த்த பள்ளியின் விளையாட்டுத் திடலில், மழை விட்ட மறுநாள் காலை, யாரோ கவராயம் வைத்து வரைந்ததுபோல வட்டமாக வெள்ளைக் காளான்கள் நின்றிருந்தன. வட்டத்தைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கூட்டிவந்து பாடமே நடத்தினேன். காளான் என்று நாம் பறிப்பது மாமரத்தில் மாங்காய் மாதிரிதான், கனியுடலம் மட்டுமே. மரம் மண்ணுக்குள் இருக்கிறது, வெள்ளை நூல் நூலாக. அந்த மைசீலியம் ஓர் இடத்தில் தொடங்கி எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவுகிறது. அதன் விளிம்பில் காய்ப்பதால்தான் வட்டம். பாடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் செய்ததுதான் தப்பு. இன்னும் விரியாத மொட்டுகளாகப் பார்த்து ஒரு மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கழுத்தில் வளையம் இருந்தது, குடைக்கு அடியில் விசிறி மடிப்பாக நிற்கும் செவுள் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊட்டியில் பார்த்த மொட்டுக் காளானுக்கு அண்ணன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எம்.எஸ்சி. படித்த திமிர், வேறென்ன.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. விடிய விடிய மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறியது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'தின்றதில் மிச்சம் இருக்கிறதா?' இல்லை என்றோம். உண்மையில் இருந்தது. மறுநாள் வீடு திரும்பிப் பார்த்தபோது, ரொம்பவும் விரிந்துவிட்டதே என்று நான் ஒதுக்கிவைத்த இரண்டு குடைகள் அடுப்பு மேடையில் ஒரு பழைய நாளிதழின் மேல் கவிழ்ந்து கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். தாளில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல வரி வரியாகப் பச்சைத் தூள். சாம்பல் கலந்த மங்கிய பச்சை. அது உங்கள் நாளிதழின் தலையங்கப் பக்கம்தான். தலையங்கம் எதைப் பற்றியது என்று இப்போது நினைவில்லை, பச்சை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் காளானுக்குக் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று பெயர். குளோரோபில் என்னும் பச்சையமே இல்லாத இனத்தில் பிறந்ததற்குக் குளோரோபில்லம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிரேக்க மொழியில் பச்சை இலை என்று பொருள், இங்கே இலை என்பது செவுள். இளசில் செவுள் வெள்ளையாகவே இருக்கும். வித்துகள் முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். நானோ இளசாகப் பார்த்துப் பொறுக்கியவள். வெப்ப நாடுகளின் புல்தரைகளில் சர்வசாதாரணமாக முளைக்கும் இது, மேலிருந்து பார்த்தால் நீங்கள் போட்ட படம் போலவே இருக்கும்.

எங்கள் இருவரையும் அது ஒரு நாள் படுத்திவிட்டு விட்டது. தின்ற இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம். அமானிட்டா என்னும் காளான் இனத்தில் சில உண்டு, தின்று 6 மணி நேரம், சிலருக்கு அரை நாளுக்கும் மேல் ஒன்றுமே தெரியாது. அதற்குள் நஞ்சு ஈரலைப் பிடித்துவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து மக்கள். அந்தச் செய்தி உங்கள் நாளிதழிலும் வந்தது. அப்படியிருக்க, சென்ற ஞாயிறு கட்டுரையின் ஓரத்தில் கட்டம் கட்டி, வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி கடித்திருந்தால் தின்னலாம் என்று போட்டிருக்கிறீர்களே, நியாயமா? மூன்றும் பொய். நம் ஈரலும் நத்தையின் வயிறும் ஒன்றல்ல. தயவுசெய்து இதற்கு மட்டுமாவது முதல் பக்கத்தில் திருத்தம் போடுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். இது பல்கலைக்கழகத்தில் கற்றதல்ல, என் அம்மாயி சொன்னது. அம்மாயி புற்றுக் காளானை ஒருநாளும் கிள்ளி எடுத்ததில்லை. ஒரு முனை கூரான குச்சியால் சுற்றிலும் தோண்டி, அடிவரை பார்த்துத்தான் எடுப்பாள். 'காம்பு பூமிக்குள்ள போகுதா பாரு. போகலைன்னா அது நாய்க்குடை, விடு' என்பாள். புற்றுக் காளானின் காம்பு மண் மட்டத்தோடு முடிவதில்லை. வேர் மாதிரி மெலிந்து நீண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சில சமயம் ஒரு முழம்கூட. அதன் அடி முட்டி நிற்பது கறையானின் காளான் தோட்டத்தில். கறையான் அரைத்து வைத்த தேன்கூடு போன்ற அடைகளில்தான் அந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானுக்கு அது சோறு. மழை விழுந்ததும் அந்தத் தோட்டத்திலிருந்து காளான் மேலே கிளம்புகிறது, இறுகிய புற்று மண்ணைத் துளைத்துக்கொண்டு. அதற்கு வசதியாகக் குடையின் உச்சியில் ஆணி முனைபோல ஒரு கூர். பிஞ்சில் தொட்டுப் பார்த்தால் மற்ற இடத்தைவிடக் கெட்டியாக இருக்கும். விரிந்த பிறகும் அந்த முனை நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். துளைப்பதற்கு ஒரு முனை, ஆழத்திலிருந்து வருவதற்கு ஒரு நீண்ட வால் என்று அதன் உடம்பு முழுக்க அது பிறந்த இடத்தின் கதைதான். இந்தக் கறையான் காளான்களுக்கு 1942இல் டெர்மிட்டோமைசிஸ் என்று தனிப் பேரினப் பெயர் கொடுத்தவர் ரோஜே ஹைம் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆப்பிரிக்காவில் இதே இனத்தில் ஒன்று ஒரு மீட்டர் அகலம்வரை குடை விரிக்கிறது. அம்மாயி பார்த்திருந்தால் ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டிருப்பாள். (இந்தக் கூர்முனையையும் வாலையும் மட்டும் நம்பி யாரும் பறித்துத் தின்ன வேண்டாம். கூட ஓர் அனுபவசாலி இருக்க வேண்டும். வேர் விட்ட காம்பு வேறு சில காளான்களுக்கும் உண்டு.)

நம் பழைய புலவர்களுக்கும் கண் கூர்மையாகத்தான் இருந்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வறுமை பிடித்த அடுக்களையைச் சொல்லும் இடத்தில், கறையான் அரித்த சுவரின் புழுதியில் 'புழற் காளாம்பி' பூத்திருக்கிறது. புழல் என்றால் உள்ளே துளை. காளானின் காம்பு குழலாக இருக்கிறதா, திடமாக இருக்கிறதா என்று இன்றைக்கும் குறிப்பேட்டில் எழுதுகிறோம். அந்தப் புலவர் ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அடிக்காம்பில் பார்க்க வேண்டிய இன்னொன்று கிண்ணம். அமானிட்டா மண்ணுக்குள் மொட்டாக இருக்கும்போது முழு உடம்பையும் ஒரு தோல் உறை போர்த்தியிருக்கும், தோல் முட்டைபோல. காளான் நீளும்போது உறை கிழிகிறது. அடியில் தங்கும் பாதி கிண்ணமாகிறது. தலையோடு போகும் மீதி துணுக்குத் துணுக்காகக் குடையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. கொடைக்கானலில் பைன் மரங்களுக்கு அடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளானைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தப் புள்ளிகள் வரைந்தவை அல்ல, கிழிந்த சட்டையின் ஒட்டுத்துணிகள். கன மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் வெறும் சிவப்புக் குடை. 'புள்ளி இல்லையே டீச்சர், அப்போ நல்லதுதானே' என்று ஒரு பையன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது முழு உறை. இன்னொரு சின்ன உறை குடையின் விளிம்பையும் காம்பையும் இணைத்துச் செவுளை மூடியிருக்கும். குடை விரியும்போது அது கிழிந்து காம்பில் வளையமாகத் தங்கும். வைக்கோல் காளானுக்குக் கிண்ணம் உண்டு, வளையம் இல்லை. மொட்டுக் காளானுக்கு வளையம் உண்டு, கிண்ணம் இல்லை. கொல்லும் அமானிட்டாக்களில் பெரும்பாலும் இரண்டும் உண்டு. பறிக்கிறவர்கள் காம்பைத் திருகி ஒடிப்பதால் கிண்ணம் மண்ணிலேயே நின்றுவிடுகிறது, எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாதையில் இறங்குவதுபோல. மொட்டுப் பருவத்தில் வைக்கோல் காளானும் அமானிட்டாவும் ஒன்றுபோலவே இருக்கும் என்பது அடுத்த வம்பு. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் குடியேறியவர்கள் சிலர், ஊரில் தின்ற வைக்கோல் காளான் என்று நினைத்து 'மரணக் குடை' எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸைத் தின்று உயிரை விட்டிருக்கிறார்கள். ஊரில் சரியாக இருந்த கண் வேற்று மண்ணில் ஏமாற்றிவிட்டது.

அடுத்தது குடையின் அடிப்புறம். நான் பாடம் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகம் செவுள் என்கிறது, எங்கள் பிள்ளைகள் 'புத்தகப் பக்கம்' என்பார்கள், அதுவே நல்ல பெயர். ஒவ்வொரு பக்கத்தின் இரண்டு முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத குண்டாந்தடிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு தடியின் முனையிலும் நான்கு கொம்பு, கொம்புக்கு ஒரு வித்து. வித்தின் அடியில் ஒரு துளி நீர் கோக்கிறது. அந்தத் துளி பெரிதாகி, வித்தின் மேல் படிந்திருக்கும் ஈரப்படலத்தைத் தொட்டதும் இரண்டும் சட்டென ஒன்றாகின்றன. அந்த உதையில் வித்து கொம்பை விட்டுத் துள்ளுகிறது. இங்கிலாந்தில் பிறந்து கனடாவின் வின்னிபெக்கில் பேராசிரியராக இருந்த ரெஜினால்ட் புல்லர் வாழ்நாளின் பெரும்பகுதியை இதைப் பார்ப்பதிலேயே கழித்தார். அந்தத் துளிக்கே புல்லர் துளி என்று பெயர். வித்து துள்ளும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவு. கூடுதலாகத் துள்ளினால் எதிர்ப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், குறைவாகத் துள்ளினால் பிறந்த இடத்திலேயே விழும். இரண்டு பக்கங்களுக்கு நடுவே அளவாக வந்து நின்று, அப்புறம் நேராகக் கீழே இறங்க வேண்டும்.

அதனால்தான் செவுள்கள் தூக்குநூல் பிடித்ததுபோல் செங்குத்தாகத் தொங்குகின்றன. கொஞ்சம் சாய்ந்தாலும் இறங்கும் வித்து இடையில் ஒட்டிவிடும். முளைத்து நிற்கும் காளானைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், சில மணி நேரத்தில் கழுத்தை வளைத்துக் குடையைச் சமமாக்கிக்கொள்ளும். சில காளான்களைப் பறித்துக் கூடையில் போட்ட பிறகும் இந்த வீம்பை விடாது.

குடிலில் இதெல்லாம் தினமும் கண்முன் நடக்கிறது. சிப்பிக் காளானின் குடை ஓரம் மேல்நோக்கித் திரும்புவதற்கு முன் அறுத்துவிட வேண்டும். ஒருநாள் தவறினால் காலையில் கறுப்புத் தார்ப்பாயின் மேல் மாவு சலித்ததுபோல் வித்துத் தூள். மருமகளுக்குத் தும்மல் நிற்காது. மூக்கில் துணி கட்டாமல் அறுவடைக்குப் போகாதே என்று நான் கத்துவது அதனால்தான், மாமியார் கெடுபிடி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வைக்கோல் படுக்கையில் குண்டூசித் தலை அளவு மொட்டு தெரிந்தால் நான்கு நாளில் அறுவடை. 'காளான்போல் முளைத்தது' என்று அடுக்குமாடிகளைத் திட்டுகிறோமே, அந்த வேகத்தின் சூட்சுமம் என்னவென்றால், உடம்புக்குத் தேவையான செல்களில் பெரும்பகுதி மொட்டிலேயே தயாராகிவிடுகிறது. பிறகு நடப்பது தண்ணீர் குடித்து ஊதுவதுதான். வேலை அதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் பைக்குள் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழியில் குளிருக்குப் பயந்து மருமகள் குடிலின் ஜன்னல்களைச் சாக்கு போட்டு அடைத்துவிட்டாள். நான்காம் நாள் பார்த்தால் சிப்பியே இல்லை. நீள நீளக் காம்பு, நுனியில் பொட்டு அளவு குடை, பார்க்கக் கடலுக்குள் இருக்கும் பவளக்கொடிபோல. வழக்கமாக வாங்கும் ஓட்டல்காரர், 'இது என்னங்க புது ரகம், எனக்கு வேண்டாம்' என்று திருப்பிவிட்டார். ரகமெல்லாம் அதேதான். காளானும் நம்மைப்போல மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. அடைத்த அறையில் அது தேங்குகிறது. காட்டில் அந்த வாயு மிகுந்திருக்கும் இடம் மரப்பொந்தும் பட்டை இடுக்கும்தான். இன்னும் வெளியே வந்து சேரவில்லை போல என்று காளான் காம்பை நீட்டிக்கொண்டே போகிறது, குடை விரிப்பதைத் தள்ளிப்போடுகிறது. சாக்கை அவிழ்த்து வெளிச்சமும் காற்றும் விட்டோம், அடுத்த அறுப்பு சிப்பியாகவே வந்தது. ஒரே வித்துப் புட்டி, ஒரே வைக்கோல், உருவம் மட்டும் இரண்டு. படத்தை வைத்துக் காளானை முடிவு செய்கிறவர்கள் என் குடிலுக்கு ஒருமுறை வர வேண்டும்.

குடையே இல்லாத காளான்களும் உண்டென்பதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. வெட்டிப்போட்ட பழைய படுக்கைக் குவியலில் என் பேரன் ஒருநாள் 'குருவிக்கூடு' கண்டுபிடித்தான். உளுந்து கொள்ளும் அளவுக்குச் சின்னக் கிண்ணம், உள்ளே நான்கைந்து கறுப்பு முட்டை. கிண்ணத்தின் சரிவு மழைத்துளிக்கென்றே அமைந்தது. துளி உள்ளே விழுந்ததும் முட்டைகள் தெறித்து ஒரு மீட்டர் தூரம்கூடப் போகும். முட்டைக்கு அடியில் சுருட்டி வைத்த நூல், நூல் முனையில் பசை. புல்லில் பட்டால் நூல் சுற்றிக்கொண்டு முட்டை அங்கேயே தொங்கிவிடும். கனடாவின் ஹரால்ட் பிராடி இந்தக் கிண்ணங்களுக்காகவே பல ஆண்டுகள் செலவிட்டவர். பேரனுக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சொட்டு மருந்துக் குப்பியில் தண்ணீர் எடுத்து ஏணிமேல் நின்று துளி விட்டுக்கொண்டே இருந்தான், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை.

வாழைத்தோப்பில் ஒருநாள் தோட்ட வேலைக்கு வந்த அக்கா 'பாம்பு முட்டை' என்று அலறினார். வெட்டிப் பார்த்தேன், உள்ளே நுங்குபோல் கொழகொழப்பு. பக்கத்தில் இன்னொன்றை விட்டுவைத்தோம். விடிந்து போனால் வெள்ளைத் தூண் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, இடுப்பில் வலைப்பின்னல் பாவாடை, தலையில் செத்த எலி நாற்றமடிக்கும் பச்சைக் கூழ். ஈ மொய்க்கிறது. காற்றையும் மழையையும் நம்பாமல் ஈயின் காலிலேயே வித்தை அனுப்பும் ஏற்பாடு. நாற்றத்தைத் தாங்கிக்கொண்டால் அதைவிட அழகான காளானை நான் பார்த்ததில்லை. சீனாவில் கூழைக் கழுவிவிட்டு உலர்த்திச் சூப்பில் போடுகிறார்கள்.

புகைக் காளானைச் சொல்லவே வேண்டாம், சின்ன வயதில் மிதித்துப் புகை விடாதவர் யார்? செவுளும் இல்லை, துளையும் இல்லை, பை மட்டும்தான். மழைத்துளி விழுந்தால் உச்சி ஓட்டை வழியே வித்து வெளியேறும். ஐரோப்பாவில் தலையணை அளவுக்கு வளரும் ராட்சத வகை ஒன்றில் 7 லட்சம் கோடி வித்து என்று கணக்குப் போட்டவர் அதே புல்லர்தான். ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் 1821 முதல் எழுதிய நூல்களில், செவுள் உள்ளவை, துளை உள்ளவை, பல் உள்ளவை என்று அடிப்புறத்தை வைத்தே காளான்களைக் குடும்பம் பிரித்தார். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் கற்பித்தேன். டி.என்.ஏ. வந்து அந்த வகுப்பைக் கலைத்துப்போட்டுவிட்டது. குடை வைத்த மொட்டுக் காளானும் குடையே இல்லாத புகைக் காளானும் இன்று ஒரே குடும்பம். உருவம் ஒருமுறை அல்ல, பலமுறை மாறி மாறி வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இதைப் படித்தபோது, 28 வருடத்து மாணவர்களையும் திரும்பக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுக்கலாமா என்றிருந்தது.

விவசாயிகளுக்காக ஒன்று. என் கொழுந்தனார் தோப்பில் ஒரு தென்னையின் அடித்தண்டில் பழுப்புச் சாறு வடிந்தது. அவர் கவனிக்கவில்லை. ஓலைகள் தொங்கின. அதற்கும் தண்ணீர் பற்றாக்குறை என்றார். அப்புறம் ஒருநாள் மண்ணை ஒட்டி, வார்னிஷ் பூசினதுபோல் மினுங்கும் ஓர் அரைவட்டத் தட்டு தண்டிலிருந்து நீட்டிக்கொண்டு வந்தது. 'இது என்னங்க அண்ணி, அழகா இருக்கு' என்று காட்டினார். கேனோடெர்மா என்னும் பூஞ்சை. அது தரும் நோயை அடித்தண்டழுகல் என்றும், 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் பரவலாகத் தெரியவந்ததால் தஞ்சாவூர் வாடல் என்றும் சொல்வார்கள். தட்டின் அடிப்புறத்தில் செவுள் கிடையாது, ஊசியால் குத்தினதுபோல் நுண்துளைகள், ஒவ்வொரு துளையும் செங்குத்துக் குழாய். வித்து காப்பித்தூள் நிறம், தட்டின் மேலேயும் படிந்திருக்கும். கனியுடலம் வெளியே தெரிகிறதென்றால் மரத்துக்குள் பூஞ்சை எப்போதோ தின்று முடித்துவிட்டது என்று பொருள். தட்டை உடைத்து எறிந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைப்பது மாங்காயைப் பறித்துவிட்டு மாமரம் போய்விட்டது என்பதுபோல. சாறு வடியும்போதே வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள். கொழுந்தனார் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்து அப்படியே போட்டுவைத்தார். அடுத்த மழையில் கிடந்த மரத்தில் புதுத் தட்டுகள் வந்தன, பழைய தட்டுக்குக் குறுக்காக. கிடக்கும் மரத்திலும் துளை தரையைப் பார்க்க வேண்டுமல்லவா? (அப்படிப் போட்டுவைத்தது தப்பு. அதையும் வேரோடு தோண்டி எரிக்கச் சொல்லி அப்புறம் சண்டை போட்டேன்.)

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் வாழைத்தோப்பையும் குருவிக்கூட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள், வெள்ளிக் கரண்டி பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். இனிமேல் காளான் படம் போடுவதானால் மூன்றாகப் போடுங்கள்: மேலே ஒன்று, குடையைத் திருப்பி அடிப்புறம் ஒன்று, மண்ணோடு தோண்டி எடுத்த அடிக்காம்பு ஒன்று. இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மேலிருந்து எடுத்த படத்தை விட்டுவிடுங்கள். 'உண்ணத் தகுந்தது' என்று படத்துக்குக் கீழே எப்போதும் எழுதாதீர்கள். யாராவது காளான் தின்று மருத்துவமனைக்குப் போகும்படி ஆனால், குப்பையில் போட்ட காம்பையும் தோலையும் ஒரு காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துப் போகச் சொல்லி எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.

பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.

பி.கு.: உறைக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. எங்கள் வேலியோரப் புற்றில் நேற்று முளைத்த காளானின் குடையை அதன் மேல் கவிழ்த்து, ஒரு டம்ளரால் மூடி இரவு முழுக்க வைத்தேன். கறுப்புப் பாதியில் வெளிர் ரோஜா நிறத்தில் சக்கரம் தெரியும், வெள்ளைப் பாதியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். புற்றுக் காளான் வித்தின் நிறம் அதுதான். நீங்கள் படம் எடுத்த காளான் இன்னும் யார் வீட்டிலாவது வாடிக் கிடந்தால் இதேபோல் ஒரு தாளில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் தாளைப் பிரிக்கும்போது விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பிரியுங்கள், தொட்டால் அழிந்துவிடும்.